எந்த சுங்கை சிப்புட்?

"வணக்கம், யார் பேசுறீங்க, எங்கிருந்து பேசுறீங்க?" வானொலியில் இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறேன் என்று கணக்கு வைத்ததில்லை. பதில் "ஈப்போ" என்றால் பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடலாம். "சிம்பாங் அம்பாட்" என்றால் முடியாது. "எந்த சிம்பாங் அம்பாட்டுங்க?" என்று இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும்.

பினாங்கில், செபராங் பிறை தெற்கில் ஒரு சிம்பாங் அம்பாட் இருக்கிறது. மலாக்காவில், அலோர்காஜாவுக்குப் பக்கத்தில் ஒன்று. பெர்லிஸில் ஒன்று, கெடாவில் ஒன்று. பேராக்கில் மட்டுமே செமாங்கோல் பக்கம் ஒன்று, உத்தான் மெலிந்தாங் பக்கம் இன்னொன்று. சிம்பாங் அம்பாட் என்றால் நான்கு சாலை சந்திக்கும் இடம், நம் பேச்சில் நாலு ரோட்டு முக்கு. நான்கு சாலை சந்திக்காத மாநிலம் எது?

நம் நாட்டின் பழைய ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறந்திருக்கின்றன. ஆறு ஓடினால் சுங்கை, ஆற்றின் வாய் கோலா, குன்று இருந்தால் புக்கிட், பாறை கிடந்தால் பத்து. பேராக்கில் சிறு குன்றுக்குச் சங்காட் என்ற பெயரும் உண்டு. பெயர் வைத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான் வைத்தார்கள். ஐம்பது மைல் தள்ளி அதே மாதிரி ஆற்றங்கரையில் இன்னொரு கூட்டம் உட்கார்ந்து அதே பெயரை வைத்துக்கொண்டிருந்ததைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

கவலை ரயிலோடும் தபாலோடும் வந்தது. டிக்கெட்டில் ஊர் பெயர் அச்சாக வேண்டும், கடிதம் சரியான ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு சாலாக் செலாத்தான் ரயில் நிலையம் நன்றாகத் தெரியும். தெற்கு சாலாக் என்று ஏன் பெயர் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? வடக்கு சாலாக் ஒன்று இருக்கிறது, அது பேராக்கில் கோலகங்சார் பக்கம், அதே ரயில் பாதையில். கிளந்தான் தலைநகர் கோத்தா பாருவின் பெயரிலேயே கோப்பெங்குக்குத் தெற்கே ஒரு சின்ன கோத்தா பாரு இருக்கிறது. கம்பார் என்றால் இன்றைய மாணவர்களுக்கு துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். கடலைத் தாண்டி சுமத்ராவின் ரியாவ் மாநிலத்துக்குப் போனால் கம்பார் என்று ஓர் ஆறும் அதன் பெயரில் ஒரு பெரிய மாவட்டமும் உண்டு.

பேராக்கில் இப்படிப் பிரபலமான பெயர் சுங்கை சிப்புட். அதிகாரப்பூர்வமாக எழுதும்போது அடைப்புக்குறிக்குள் 'உத்தாரா' என்று சேர்ப்பார்கள், அதாவது வடக்கு. தெற்கே அதே பெயரில் ஊர் இருப்பதால் வந்த வால் அது. மலாக்காவின் அலோர்காஜா மாவட்டத்தில் ஒரு முக்கிமின் பெயரே சுங்கை சிப்புட். சிப்புட் என்றால் நத்தை, சிப்பி வகை. நத்தை ஊரும் ஆறு எங்கும் இருக்கும்தானே.

தமிழர்களில் யாரிடம் சுங்கை சிப்புட் என்றாலும் நினைப்பு நேராகப் பேராக்குக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை, நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு அனுப்பிய ஒரு நேயர் சொன்னார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கிள்ளானில் இருப்பவர், வயது முப்பதுக்குள்.

அவருடைய பாட்டிக்கு 84 வயது. பதினேழு வயதில் கல்யாணமாகி சிலாங்கூரில் ஒரு தோட்டத்துக்கு வந்தவர். அதன் பிறகு பிறந்த ஊருக்குப் போகவே இல்லை. பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம். "நான் சுங்கை சிப்புட்டுல பொறந்தவ" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே மாரியம்மன் கோயிலில் பால்குடம் எடுத்ததையும் சொல்வார். சாவதற்குள் ஒரு முறை அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை.

ஒரு பள்ளி விடுமுறையில் எல்லோரும் காரில் ஏறினார்கள். பேராக், சுங்கை சிப்புட். பாட்டி முன் இருக்கையில். ஈப்போ நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் மலைகள். பாட்டி பேசுவதை நிறுத்திவிட்டார். சுங்கை சிப்புட்டுக்குள் நுழைந்து, இரண்டு மூன்று தோட்டப் பாதைகளில் சுற்றி, ஒரு மாரியம்மன் கோயில் முன் நிறுத்தியதும் சொன்னார்: "இது எங்க ஊரு இல்ல. எங்க ஊர்ல ஏது இவ்வளவு மலை?"

"அறுபத்தேழு வருஷமாச்சு, மாறியிருக்கும் பாட்டி" என்றிருக்கிறார் பேத்தி. "கோயில், ரோடு மாறும். மலையுமா புதுசா வரும்?" என்று கேட்டிருக்கிறார் பாட்டி. திரும்பி வரும் வழியில் மருமகன் மெல்லச் சொன்னாராம், வயதாகிவிட்டது, மறதி ஆரம்பித்துவிட்டது என்று. அடுத்த மாதம் கிளினிக்கில் ஞாபக மறதிச் சோதனைக்கும் அழைத்துப் போனார்கள். பாட்டி அதன் பிறகு ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

பல மாதம் கழித்து, தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது பேத்தி போனில் பதிவு போட்டபடி கதை கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயசில் தீபாவளித் துணி எங்கே எடுப்பீங்க பாட்டி? "காஜாவுக்குத்தான் போவோம், லோரியில." வீட்டில் எல்லோரும் பல முறை கேட்ட வாக்கியம் அது. பத்துகாஜா என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள், பேராக்கில்தானே இருக்கிறது. அன்று பேத்திக்கு ஒன்று இடித்தது. சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே. பத்துகாஜா ஈப்போவுக்குத் தெற்கே. துணி எடுக்க ஈப்போவைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் யார் போவார்கள்?

"பத்துகாஜாவா பாட்டி?"

"என்ன பத்து? அலோரு. அலோர்காஜா."

மாசி மகத்துக்குச் சன்னாசிமலை போனதையும் அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். அது ஏதோ பக்கத்துத் தோட்டத்துக் கோயில் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். மலாக்காக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், செங் பகுதியில் இருக்கும் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகம் எவ்வளவு பெரியது என்று. யானைக்கு மலாயில் காஜா, நம் கஜம்தான். பாறை யானை பேராக்கில், அலோர் யானை மலாக்காவில். இரண்டு யானை, இரண்டு நத்தை ஆறு. பாட்டி எதையும் மறக்கவில்லை.

மலாக்காவுக்குப் போனார்கள். லயங்கள் இல்லை, பால் மரம் இல்லை, எல்லாம் செம்பனை. கோயிலையும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆனால் சாலை வளையும் இடம் வரும் முன்பே "இங்க சோத்துக்கை பக்கம் திரும்பணும்" என்று பாட்டி சொல்லியிருக்கிறார். கோயில் வாசலில் மருமகனைப் பார்த்து ஒரே வார்த்தை: "பாத்தீங்களா மாப்பிள்ளை, நான் மறக்கல."

இந்தப் பதிவை நான் நிகழ்ச்சியில் ஒலிபரப்பவில்லை, நேயர் கேட்டுக்கொண்டதால். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து ஊர்ப்பெயர்களை விடாமல் துருவ ஆரம்பித்தேன்.

வடக்கு சுங்கை சிப்புட் இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. துன் வீ.தி. சம்பந்தன் 1919 ஜூன் 16இல் அங்கே பிறந்தவர். ம.இ.கா.வின் தலைவராக 1955 முதல் 1973 வரை இருந்தார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். பத்துப் பத்து வெள்ளியாகப் பாட்டாளிகள் பணம் கட்டினார்கள். முதல் தோட்டமாகக் கெடாவின் புக்கிட் சீடிமை வாங்கினார்கள். ஒரு கொசுறு: அமைச்சராக இருந்தபோது தபால் துறையும் சம்பந்தன் கையில் இருந்தது. ஒரே பெயரில் இருந்த ஊர்களின் தொல்லை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவருடைய 29ஆவது பிறந்தநாளன்று, 1948 ஜூன் 16 காலையில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துறையினர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் இடையில் அரை மணி நேரம்தான். அதைத் தொடர்ந்து வந்ததுதான் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவசரகாலம். முள்வேலி, ஊரடங்கு, அரிசி ரேஷன் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் கதைகளின் தொடக்கம் அந்தக் காலைதான். பிறகு 1974 முதல் 2008 வரை டத்தோ ஸ்ரீ சாமிவேலுவின் தொகுதி. இத்தனை பெயர் வாங்கிய ஊர் இருக்கும்போது மலாக்காவில் ஒரு சுங்கை சிப்புட் இருப்பது யாருக்கு நினைவிருக்கும்?

மலாய்ப் பெயர்களின் இரட்டைக்குக் காரணம் ஆறும் குன்றும். தோட்டங்களின் பெயர்களில் இருக்கும் இரட்டை வேறு வகை. அங்கே பெயர்கள் கப்பலேறி வந்தன.

1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் நாற்றுகளை நட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் கார் ஓடத் தொடங்கியதும் ரப்பருக்கு வந்த விலையைக் கண்டு லண்டனிலும் எடின்பரோவிலும் கம்பெனிகள் பதிவாயின. காட்டை அழித்துத் தோட்டம் போட வந்த துரைகளில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. நிலத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையும் அவர்களிடம். பல பேர் வைத்தது சொந்த ஊர்ப் பெயரை.

பத்துகாஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் இருக்கும் கெல்லி கோட்டைக்குப் போகாத மலேசியக் குடும்பம் குறைவு. அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தின் மோரே வட்டாரத்தில் டல்லஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஆமாம், டல்லஸ். கென்னடி சுடப்பட்ட அமெரிக்க நகரத்தின் பெயர்தான், ஆனால் இது அதைவிட மிகப் பழைய ஊர். அந்த டல்லஸுக்குப் பக்கத்தில் கெல்லாஸ் என்று ஒரு குக்கிராமம். கெல்லி இருபது வயதில் மலாயா வந்தார், சம்பாதித்தார், கிந்தாவில் ஆயிரம் ஏக்கர் வாங்கினார். தோட்டத்துக்கு வைத்த பெயர் கிந்தா கெல்லாஸ். பேராக் ஆற்றில் கலக்கும் கிந்தாவையும் பிறந்த மண்ணின் கெல்லாஸையும் ஒட்டுப்போட்ட பெயர்.

1915இல் தொடங்கிய பெரிய மாளிகைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஸ்பானிஷ் காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. கோயில் கட்டினால்தான் நோய் அடங்கும் என்று தொழிலாளர்கள் கேட்க, கெல்லி மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் கூரையில் தெய்வங்களின் வரிசையில் கோட்டு சூட்டு போட்ட ஓர் ஆளின் சிலை நிற்கும், அது கெல்லிதான் என்பார்கள். அவர் 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார், மாளிகை அரைகுறையாக நின்றது. கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பேய்க்கதை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்கும் போய்விட்டு வாருங்கள்.

கெல்லாஸ் என்ற பெயர் ஸ்காட்லாந்தில் இன்று ஒரு கறுப்புக் காட்டுப்பூனையால்தான் பேசப்படுகிறது. எண்பதுகளில் அந்த ஊர்ப் பக்கம் அடையாளம் காணப்பட்டதால் அதற்குக் கெல்லாஸ் பூனை என்று பெயர். இங்கே பேராக்கில் அதே பெயர் கிந்தா கெல்லாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பலகையில் இருக்கிறது. அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும், தங்கள் பெயரில் இங்கே பிள்ளைகள் அ, ஆ படிக்கிறார்கள் என்று?

ஈப்போவுக்கு வடக்கே செம்மோரில் ஸ்ட்ராத்திஸ்லா தோட்டத் தமிழ்ப்பள்ளி. கேலிக் மொழியில் ஸ்ட்ராத் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு. ஐலா என்று ஓர் ஆறு, அதே மோரே வட்டாரத்தில் கீத் நகரம் வழியாக ஓடுகிறது. அந்த ஆற்றின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் 'எஸ்' இருக்கும், வாயில் வராது. ஆகவே அந்த ஊர்க்காரர் "ஸ்ட்ராத் ஐலா" என்பார், நாம் எழுத்தை மதித்து "ஸ்ட்ராத்திஸ்லா" என்கிறோம். இருவரும் நேரில் சந்தித்துப் பெயரைச் சொன்னாலும் ஒருவருக்கொருவர் புரியாது. தமிழில் எழுதிய எல்லா எழுத்தையும் உச்சரிக்கும் பழக்கம் நம்முடையது, எனக்கு நம் உச்சரிப்புதான் நேர்மையாகப் படுகிறது.

செலாமாவில் ஹோலிரூட் தோட்டம், அங்கும் தமிழ்ப்பள்ளி. வயதானவர்கள் வாயில் "ஆலிரூட்டு". மூல ஹோலிரூட் எடின்பரோவில் இருக்கிறது. 1128இல் முதலாம் டேவிட் மன்னர் கட்டிய மடம், பக்கத்தில் அரண்மனை, 2004 முதல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். பெயரின் பொருள் புனிதச் சிலுவை. மூன்றாவது ஹோலிரூட் ஒன்றும் உண்டு. இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில், தேயிலைத் தோட்டம். எடின்பரோவில் ராஜா. தலவாக்கலையிலும் செலாமாவிலும் தமிழர். ஒரே காலத்தில் ஒரே கிராமத்திலிருந்து ஒரு அண்ணன் இலங்கைக்கும் தம்பி மலாயாவுக்கும் கங்காணியோடு கப்பலேறி, இரண்டு பேரும் ஒரே பெயருள்ள தோட்டத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் போட்டிருந்தால் அந்த அம்மா என்ன நினைத்திருப்பார் என்று சில நேரம் யோசிப்பேன். கற்பனைதான். நடக்க முடியாதது இல்லை.

சிலிம் ரிவரில் குளூனி. ஸ்காட்லாந்திலும் குளூனி உண்டு, பிரான்சிலும் 910இல் தொடங்கிய மடத்தோடு ஒரு குளூனி உண்டு. தெலுக் இந்தான் பக்கம் நோவா ஸ்கோஷியா. இது நகலின் நகல். கனடாவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கேட்டுப் பெற்ற மாநிலத்துக்கு 1621இல் லத்தீனில் 'புதிய ஸ்காட்லாந்து' என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் அங்கிருந்து கீழ்ப் பேராக்கின் சதுப்பு நிலத்துக்கு வந்தது. தெலுக் இந்தானே கூட 1982 வரை ஆன்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரில் தெலுக் ஆன்சனாக இருந்த ஊர்தான். ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது, தோட்டம் மாற்றவில்லை.

கோலகுராவ் பக்கம் செர்சோனிஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. செர்சோனிஸ் கிரேக்கச் சொல், பொருள் தீபகற்பம். கருங்கடல் ஓரத்தில், கிரிமியாவில், அதே பெயரில் பழைய கிரேக்க நகரம் ஒன்று இடிபாடாகக் கிடக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி நம் மண்ணைக் குறிப்பிட்டதும் இந்தச் சொல்லால்தான்: பொன் தீபகற்பம். சோழர் கடாரம் வருவதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெயர். அந்தச் சொல் எப்படியோ உருண்டு வந்து ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் உட்கார்ந்திருக்கிறது. கடிதத் தலைப்பில் அதைச் சரியாக எழுதவே அங்குள்ள பிள்ளைகள் படும் பாடு தனி.

இந்தப் பெயர்கள் எதையும் வைத்தவர்கள் நாமில்லை. அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் அன்றாடம் புழங்கிய பெயர்கள் வேறு. முதல் டிவிஷன், ரெண்டாவது டிவிஷன், பழைய லயம், ஆயாக் கொட்டகை, ஸ்டோர் மேடு, பிரட்டுக்களம். சாலையில் மைல்கல் கணக்கு: ஆறாங்கட்டை, எட்டாங்கட்டை. சிக்கல் என்னவென்றால் இவையும் எல்லாத் தோட்டத்திலும் இருந்தன. "எட்டாங்கட்டையில இருந்தோம்" என்று தாத்தா சொன்னால் எந்தச் சாலையின் எட்டாங்கட்டை என்று கேட்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும். கம்பம் என்ற சொல்லையே பாருங்கள். மலாயின் கம்போங் நம் வாயில் கம்பமாகி, "கம்பத்து வீடு" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் கலைஞர்களைப் பேட்டி எடுக்கும்போது நான் இதைச் சொன்னால் அவர்கள் முகம் மலரும். தேனி மாவட்டத்துக் கம்பம், திராட்சை விளையும் ஊர், அங்கே யாரோ நமக்குச் சொந்தம் என்று நினைத்துவிடுவார்கள்.

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, நாட்டிலேயே அதிகம். அவற்றில் நிறைய பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' இருக்கிறது, பள்ளியைச் சுற்றி லாடாங் இல்லை. தோட்டம் கைமாறியது, ரப்பர் போய் செம்பனை வந்தது, நிலம் தாமானாக மாறியது, தமிழர்கள் ஊருக்குள் குடிபெயர்ந்தார்கள். சில பள்ளிகள் மாணவர் குறைந்து, கட்டடத்தை விட்டு வேறு இடத்துக்கே மாறின. பெயரை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போயின. அதிகாரப்பூர்வமாகத் தோட்டத்தின் பெயரை இன்று சுமப்பது பல இடங்களில் பள்ளி ஒன்றுதான். பள்ளிப் பெயரை நவீனமாக்க வேண்டும், 'லாடாங்' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வருமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் யார் வேலை செய்தார்கள் என்பதற்குப் பொதுவில் வேறு சாட்சி இருக்காது.

தாமான்கள் பழைய பெயரை வைத்துக்கொண்டாலும் புது ஆட்களுக்கு அது வேறு ஊரை நினைவூட்டுகிறது. செம்மோர் போகும் வழியில் இருக்கும் கிளேபாங்கில் தமிழ்ப்பள்ளி உண்டு, இன்று பெரிய பேரங்காடியும் உண்டு. கோலாலம்பூர் நண்பர்களிடம் "கிளேபாங் போகிறேன்" என்றால் "தேங்காய் ஷேக் வாங்கிட்டு வா" என்பார்கள். அது மலாக்கா கிளேபாங், கடற்கரை. ஈப்போ கிளேபாங்கில் கடலுக்கு எங்கே போவது! அதே நண்பர்களிடம் "ஈப்போவில் இருக்கிறேன்" என்று ஒரு முறை குறுஞ்செய்தி அனுப்ப, செந்தூலுக்குப் பக்கத்தில் ஜாலான் ஈப்போவில் உள்ள உணவுக்கடைக்கு வந்து காத்திருந்தவர்களும் உண்டு.

உங்கள் வீட்டுப் பெரியவர் பிறந்த இடத்தைத் தேடுகிறீர்கள் என்றால், எனக்கு வந்த குரல் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பிறப்புப் பத்திரத்தில் உள்ள ஊர்ப்பெயரை மட்டும் நம்பிக் காரை எடுக்காதீர்கள். படித்த பள்ளியின் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள், பள்ளிப் பெயரிலேயே தோட்டத்தின் பெயர் இருக்கும். தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, ஊழியர் சேமநிதிப் பழைய கடிதம் எதுவும் உதவும். காகிதம் இல்லையா, கேள்வி கேளுங்கள். எந்த ஊருக்கு மருந்து வாங்கப் போனார்கள், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள், தீபாவளித் துணி எங்கே, திருவிழா எந்த மாதம், எந்தக் கோயில் காவடிக்கு லோரி போனது, மலை தெரிந்ததா, கடல் காற்று வந்ததா. "எந்த ஊர்?" என்று கேட்டால் ஒரு சொல்தான் கிடைக்கும், அந்தச் சொல் மூன்று இடத்தில் இருக்கும். இவற்றைக் கேட்டால் வரைபடத்தில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்கள் உச்சரிப்போடு.

போன வாரம் ஷா ஆலாமிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவர் அப்பாவின் பழைய காகிதத்தில் "லாடாங் சங்காட், பேராக்" என்று மட்டும் இருக்கிறதாம். பேராக்கில் சங்காட் ஜெரிங், சங்காட் குருயிங், சங்காட் கிண்டிங், சங்காட் ஜோங் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அப்பாவுக்கு நினைவிருப்பதெல்லாம் ஒன்றே ஒன்று. மதியம் ஆனால் மழை, காயப்போட்ட துணி காய்ந்ததே இல்லை, பால் வெட்டும் பாதி நாள் கெட்டுப்போகும். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் தைப்பிங், அதற்குப் பக்கத்தில்தான் சங்காட் ஜெரிங். முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்று பதில் போட்டேன். வருகிற சனிக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். குடை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.